ந்லாண்டுவுக்கு முன் பிறந்தவர்கள்

இந்த நாட்டில் தொலைபேசியை எடுப்பவர் முதலில் தன் குடும்பப் பெயரைச் சொல்ல வேண்டும். வெறுமனே ஹலோ என்றால் மறுமுனையில் சின்னதாய் ஒரு மௌனம் விழும், சட்டை போடாமல் வந்து கதவைத் திறந்துவிட்டது போல. அதனால் லாங்கன்தாலில் எங்கள் வீட்டுத் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் நான் "சின்னத்தம்பி" என்கிறேன். அது என் அப்பாவின் பெயர். என் பெயர் குகதாசன். அகதியாக வந்து இறங்கியபோது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார். எங்களுக்கு அப்படியொன்று கிடையாது, அப்பாவின் பெயர்தான் இருக்கிறது என்றேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. அன்றிலிருந்து தொழிற்சாலையில் நான் 'ஹெர் சின்னத்தம்பி', அதாவது திருவாளர் சின்னத்தம்பி. மேற்பார்வையாளர் அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தும்போது முதல் சில வருடங்கள் திடுக்கிட்டுப் போவேன். ஊரில் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கத்த ஒருவருக்கும் துணிவு வந்ததில்லை. என் மனைவி வதனியின் பாடு இன்னும் மோசம். மாமனாரின் பெயரை வாயால் உச்சரிக்காத வீட்டில் வளர்ந்தவள், தொலைபேசியை எடுத்தவுடன் அதைத்தான் சொல்ல வேண்டும். கொஞ்சக் காலம் தொலைபேசியை எடுக்காமலே இருந்து பார்த்தாள்.

அப்பா சாவகச்சேரியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தார். ஒரு சைக்கிளை நிமிர்த்தி, சில்லைச் சுற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அதன் சத்தத்தைக் கேட்பார். எந்தக் கம்பி தளர்ந்திருக்கிறது என்று கையை வைத்துக் காட்டுவார். அவர் செத்தபோது என்னிடமிருந்த வதிவிட அட்டையோடு இந்த நாட்டின் எல்லையைத் தாண்ட முடியாது. கொள்ளி வைக்கவேண்டிய மகன் அன்றைக்கும் தொழிற்சாலையில்தான் நின்றேன். அதற்குப் பிறகு அந்தப் பெயர் எனக்கு உறுத்தவில்லை. வங்கிக்காரனுக்கும் பல் வைத்தியருக்கும் சின்னத்தம்பி, சின்னத்தம்பி என்று சொல்லும்போது அவருக்கு ஏதோ கொஞ்சம் செய்கிறேன் என்ற ஆறுதல் இருந்தது. ஊரில் இருப்பவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம்.

எங்களுக்கு ஒரே மகள், ஆரணி. ஆராவ் நகரில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். ஜோயல் என்ற மின்சார வேலைக்காரப் பையனை விரும்பினாள். அவன் பிறந்தது இங்கே, தாய் தகப்பன் கொங்கோவிலிருந்து வந்தவர்கள், தகப்பன் இப்போது இல்லை. நல்ல பையன். எங்கள் வீட்டுக்கு முதன்முதல் வந்த அன்றே குளியலறை விளக்கைத் திருத்திக் கொடுத்து வதனியை வளைத்துப் போட்டுவிட்டான். நானும் முரண்டு பிடிக்கவில்லை. திருமணப் பதிவுக்கு நாள் குறித்த பிறகுதான் இடி விழுந்தது.

"அப்பா, நான் ஜோயலின்ர பேரை எடுக்கப்போறன். பிறக்கிற பிள்ளையளுக்கும் ஒரே பேராய் இருக்கும்" என்றாள் ஆரணி. பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு ஆசிரியரும் சின்னத்தம்பியைக் கடித்துத் துப்பியதை அவள் மறக்கவில்லை. ஜோயலின் பெயர் ந்லாண்டு. தொடக்கத்திலேயே ஒரு மெய்யெழுத்து குறுக்கே நிற்கிறது. அதையும்தான் கடித்துத் துப்பப்போகிறார்கள் என்று சொல்ல வாய் வந்தது. சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்தேன். ஆரணி போன பிறகு வதனி பிடித்துக்கொண்டாள்.

"என்ர அப்பான்ர பேரை நான் பிளேனுக்குள்ளையே விட்டிட்டு வந்தனான். ஆரும் ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?"

அவள் கேட்டது நியாயம்தான். ஆனாலும் மனம் ஆறவில்லை. அவள் கையெழுத்துப் போட்டதும், எனக்கும் வதனிக்கும் பிறகு அந்தப் பெயரைச் சொல்ல இந்தப் பூமியில் ஒருவரும் இருக்கப்போவதில்லை.

அந்த மனக்குறையோடுதான் சம்பந்தியம்மா வீட்டு விருந்துக்குப் போனேன். அவர் பெயர் அல்பொன்சின். முதியோர் இல்லச் சமையலறையில் வேலை. வாய்விட்டுச் சிரிக்கும் மனுஷி. அவருடைய ஜெர்மன் என்னுடையதைப் போலவே நொண்டும். அகப்படாத சொல்லை அவர் பிரெஞ்சில் சொல்ல ஜோயல் மொழிபெயர்த்தான். பச்சையாய், குழைவாய் ஒரு கறி வைத்தார். மரவள்ளி இலை என்றான் ஜோயல். மரவள்ளியோடு இஞ்சி சேர்ந்தால் நஞ்சு என்பது எங்களுக்குத் தாய்ப்பாலோடு ஊட்டப்பட்டது. வதனி என் காதுக்குள், "இஞ்சி போட்டவாவோ எண்டு கேளுங்கோ" என்றாள். கேட்டேன். சம்பந்தியம்மா, மன்னிக்க வேண்டும், அடுத்த முறை நிறையப் போடுகிறேன் என்றார். வதனி அன்று சோறும் கோழியும் மட்டும் சாப்பிட்டாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு, கொஞ்சம் குத்தலாகவே, உங்கள் பெயருக்கு ஏதாவது அர்த்தம் உண்டா என்று கேட்டேன். சம்பந்தியம்மாவின் முகம் மலர்ந்தது. அவர்களுடைய கிக்கொங்கோ மொழி பேசும் ஊர்களில் இரட்டைப் பிள்ளைகள் பிறந்தால் பெயர் தேட வேண்டியதில்லையாம். முதலில் வருவது ந்சிம்பா, அடுத்தது ந்சூசி. அந்த இருவருக்கும் பின்னால் அதே வயிற்றில் பிறக்கும் பிள்ளை, ஆணோ பெண்ணோ, ந்லாண்டு. அவர் கணவர் அப்படி வந்தவர். அது அவர் ஒருவருக்கே உரிய பெயர். இங்கே வந்து இறங்கியபோது அதிகாரி குடும்பப் பெயர் கேட்டிருக்கிறார்.

"இவன் எனக்கு மூத்த பிள்ளை" என்று ஜோயலின் தலையில் தட்டினார். "இவனை ந்லாண்டு என்று கூப்பிடுவது என் ஊருக்குத் தெரிந்தால், இரட்டையர்களை எங்கே ஒளித்து வைத்தாய் என்று கேட்பார்கள்."

எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரித்தான் எழுதியிருக்கிறார்கள். அவர் கணவரின் இரட்டை அண்ணன்மார் என்ன ஆனார்கள் என்று கேட்டேன். தவழும் முன்னரே இருவரும் போய்விட்டார்களாம். "ஆனால் அவரை ஒருமுறை கூப்பிட்டால் மூன்று பேரையும் கூப்பிட்ட மாதிரி" என்றார். பிறகு என் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். சின்ன வயதுத் தம்பி என்றேன்.

"யாருடைய தம்பி?"

எங்கள் பக்கத்தில் எந்தப் பையனையும் தம்பி என்று கூப்பிடுவோம், அதற்கு அண்ணன் தேவையில்லை என்று விளக்க முயன்றேன். என் ஜெர்மன் நடுவழியில் நின்றுவிட்டது. அப்பாதான் அந்த வீட்டில் மூத்தவர். அவருக்குக் கீழே எல்லாம் தங்கைமார். மூத்த பிள்ளைக்கு, அதுவும் ஒரே ஆணுக்கு, ஏன் சின்னத்தம்பி? தலை நரைத்த பிறகும் அதை நான் ஒருமுறை யோசித்ததில்லை.

அடுத்த நாள் சாவகச்சேரிக்குத் தொலைபேசி எடுத்தேன். அப்பாவின் கடைசித் தங்கை, என் மாமி, இன்னும் அங்கேதான் இருக்கிறார். அவரிடம் பெயரைப் பற்றிக் கேட்டேன்.

"ஓமடா மோனே, கொப்பருக்கு முன்னம் ஒண்டு பிறந்தது. ஆம்பிளைப் பிள்ளை. பேர் வைக்க முன்னமே போட்டுது. அம்மா அதைப் பெரியதம்பி எண்டுதான் சொல்லுறவ. பிறகு பிறந்தவர் சின்னத்தம்பியாப் போனார்."

"அப்பாவுக்குத் தெரியுமோ மாமி?"

"தெரியாமலோ? அதுக்குத்தானே வருசா வருசம் படைக்கிறவர்."

ஆடி அமாவாசைக்கு அப்பா தன் தகப்பனுக்குப் படைக்கும்போது பக்கத்தில் தனியாக ஒரு சின்ன இலை போடுவார். காகத்துக்கு என்று நினைத்திருந்தேன். தொலைபேசியை வைத்துவிட்டு அழுதேன். முகம் தெரியாத ஒரு பெரியப்பாவின் பெயரையும் சேர்த்துத்தான் இவ்வளவு காலமும் வங்கிக்காரனுக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பிள்ளை இருந்ததற்கு அப்பாவின் பெயரை விட்டால் வேறு சாட்சி இல்லை.

பதிவுக்கு முந்தின சனிக்கிழமை ஆராவ் போய், ஆரணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளைக் கரைக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்குள் இருந்தது, மறைப்பானேன். அவள் கண் கலங்கக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் பேரை மாத்தேல்லை அப்பா. சின்னத்தம்பியாவே இருக்கிறன்."

அதைக் கேட்கத்தான் ரயிலேறி வந்திருந்தேன். ஆனால் அந்தச் சின்ன இலை கண்ணுக்குள் வந்து நின்றது. அப்பா அதை ஒருநாளும் எங்கள் தலையில் கட்டியதில்லை. தன் அண்ணனைத் தானே சுமந்தார்.

"வேண்டாம் பிள்ளை. அது அவற்ர பேர். நீ உன்ர பாட்டுக்குப் போ" என்றேன். திரும்பி வரும்போது ஓல்ட்டன் நிலையத்தில் வண்டி மாறுவதற்குள் ஏன் அப்படிச் சொன்னேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

இப்போது அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. ஆரணி வேலைக்குத் திரும்பியதால் புதன்கிழமைகளில் நான் ஆராவ் போய்ப் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன். போன கிழமை பிள்ளை என் தோளில் நித்திரையாகும் நேரம் பார்த்து அவர்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. சத்தத்துக்கு எழும்பிவிடுவாளே என்று பாய்ந்து எடுத்தேன். "சின்னத்தம்பி" என்றேன், பழக்கத்தில். குழந்தைகளை நிறுத்துப் பார்க்கும் தாதி போலிருந்தது. மன்னிக்கவும், இலக்கம் பிழைத்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டார்.

என் மகளின் வீட்டில் என் அப்பா பிழையான இலக்கம். கையில் தொலைபேசியோடு நின்றேன். பிள்ளை அசைந்து, என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மறுபடி அடித்தது. எடுத்தேன். சம்பந்தியம்மா சொல்லித்தந்த மாதிரி உதட்டைத் திறந்து, நாக்கை மேலே ஒட்டவைத்து, மெதுவாகச் சொன்னேன்.

"ந்லாண்டு."

இந்த முறை அவர் வைக்கவில்லை. பிள்ளையின் அடுத்த சந்திப்புக்கு நாள் குறிக்க எடுத்ததாகச் சொன்னார். எனக்கு முன்னாலும் ஒருவர், அந்தப் பெரியப்பா, பிறந்து, பெயரில்லாமல் போயிருக்கிறார். அவருக்குப் பின்னால் வந்தவன்தான் கதைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, நாளையும் நேரத்தையும் சொல்லச் சொன்னேன்.