பச்சை நூல் ஒட்டின ஆணி

எங்க அண்ணி தெளிவாப் பேசினாங்கன்னா அன்னைக்கு ஞாயித்துக்கிழமைன்னு அர்த்தம். மத்த நாளெல்லாம் வாயில ஆணி இருக்கும். சோபா, நாற்காலிக்கெல்லாம் துணி மாத்துற வேலை. ஒரு கையில சுத்தி, இன்னொரு கையில இழுத்துப் பிடிச்ச துணி, அப்புறம் ஆணிய எங்க வெச்சுக்கறது? ஒரு பிடி அள்ளி வாயில போட்டுக்குவாங்க. நாக்காலயே ஒண்ணொண்ணா உதட்டுக்குத் தள்ளி எடுத்து டக்குடக்குன்னு அடிப்பாங்க. பாத்துட்டு நிக்கற நான்தான், "முழுங்கித் தொலைச்சுடாதீங்க அண்ணி!"ன்னு கத்துவேன். "ம்ம்"னு ஒரு பதில் வரும்.

நான் அவங்க நாத்தனார். எங்க அண்ணன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆச்சு. போன புதுசுல அண்ணி ஒரு வருஷம் ஜன்னலோரம் ஒரே நாற்காலியில உக்காந்திருந்தாங்க. சாப்பிடக் கூப்பிட்டா வருவாங்க, திரும்பப் போய் உக்காந்துக்குவாங்க. கடைசியில அந்த நாற்காலி சீட்டே கிழிஞ்சு பஞ்சு வெளியில வந்துடுச்சு. அதை ஒரு ஆட்டோவுல ஏத்திக்கிட்டு, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற சோபா பட்டறைக்குப் போனாங்க. சாயந்திரம் வரைக்கும் அங்க நடக்கற வேலைய வேடிக்கை பாத்துட்டு, "நாளைக்கு வேலைக்கு வரட்டுமா?"ன்னு முதலாளிகிட்ட கேட்டுட்டு வந்துட்டாங்க. அந்த மனுஷனும் சரின்னுட்டாரு.

அண்ணிக்கு முழங்கால் தேஞ்சு போச்சு. பத்து நிமிஷம் நடந்தா வீங்கிடும். பாலத்து மேல பஸ்ஸும் கிடையாது. டாக்டர்தான், "நடக்கறதை விட சைக்கிள் மிதிக்கறது காலுக்கு நல்லது"ன்னாரு. நாப்பத்திநாலு வயசுல சைக்கிள் கத்துக்கிட்டாங்க. சீட்டைப் பிடிச்சுக்கிட்டு பின்னாடியே ஓடினது யாரு? நான்தான்! மூணு தடவை ரெண்டு பேரும் சேர்ந்து விழுந்தோம். "விட்டுடாதடி, விட்டுடாதடி"ன்னு அவங்க கத்த, நான் எப்பவோ விட்டுட்டேன்.

கத்துக்கிட்டது சுலபம். ரோட்டுல ஓட்டினதுதான் கொடுமை. பாலத்துல பின்னாடி வர்ற கார்க்காரன் காது கிழியற மாதிரி ஹார்ன் அடிப்பான். வேணும்னே உரசிக்கிட்டுப் போவான். ஒருத்தன் கண்ணாடியை இறக்கி, "வீட்டுல கெடக்க வேண்டியதுதானே!"ன்னு கத்திட்டு தண்ணி பாட்டிலைத் தூக்கி எறிஞ்சான். அது அண்ணி முதுகுல பட்டுச்சு. என்ன ஜென்மங்களோ!

போன வருஷம் நகராட்சிக்காரங்க பாலத்துலயும் அதுக்கப்புறம் வர்ற கடைத்தெருவுலயும் ஓரமா கோடு போட்டு, சைக்கிளுக்குன்னு தனித்தடம் விட்டாங்க. ஆறு மாசம் சோதனை, அப்புறம் கூட்டம் போட்டு வெச்சுக்கறதா எடுக்கறதான்னு முடிவு பண்ணுவாங்களாம். ரெண்டு மாசம் சொர்க்கம். அதுக்கப்புறம் ஆரம்பிச்சுது ஆணி.

பாலம் இறங்கற சரிவுல ஒரு வளைவு. வேகமா வர்ற இடம். சரியா அங்கதான் கிடக்கும். வாரத்துக்கு ரெண்டு மூணு நாள், காலையில. ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு பொண்ணு விழுந்து தோள்பட்டை எலும்பு முறிஞ்சுது. அண்ணி விழுந்து அதே முழங்கால்ல ஏழு தையல். போலீஸ் ஸ்டேஷன்ல போய்ச் சொன்னா, "ரோடுன்னா ஆணி கிடக்கத்தாம்மா செய்யும்"னு ஒருத்தர் எங்களுக்கே பாடம் எடுத்தாரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் மேஜையில நாலு ஆணியக் கொட்டி வெச்சிருப்பேன், அண்ணிதான் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தாங்க.

இந்த லட்சணத்துல கடைக்காரங்க சங்கம் ஒரு மனு குடுத்துச்சு. தடம் ஆபத்தானது, ஆளுங்க விழறாங்க, எடுத்துடுங்கன்னு. என்ன அக்கறை பாருங்க! தடம் வந்ததுலேர்ந்து அவங்க கடை வாசல்ல கார் நிறுத்த முடியல, அதான் விஷயம். சங்கத்துத் தலைவர் யாருன்னா அண்ணியோட முதலாளியேதான். "உங்க நல்லதுக்குத்தாம்மா சொல்றேன், சைக்கிளை விட்டுடுங்க"ன்னு தேனா ஒழுகுவாரு.

தடம் போனா அண்ணி வேலைக்குப் போக முடியாது. தையல் போட்ட காலோட அந்தக் கார்களுக்கு நடுவுல இனி ஓட்டவே கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பாச் சொல்லிட்டாரு. திரும்ப அந்த ஜன்னலோரம்தான். அண்ணி அதைப் பத்திப் பேசல. எனக்குத்தான் பயமா இருந்துச்சு.

கூட்டத்துல காட்டறதுக்காக, பஞ்சர் கடைக்காரர்கிட்ட ஒரு டப்பாவைக் குடுத்து, டயர்லேர்ந்து பிடுங்கற ஆணியெல்லாம் இதுல போடுங்கன்னு அண்ணி சொல்லியிருந்தாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் டப்பா வந்துச்சு. சாப்பாட்டு மேஜையில கொட்டிப் பாத்துட்டே இருந்தவங்க, ஒரு ஆணிய எடுத்துக் கண்ணுகிட்ட வெச்சுக்கிட்டாங்க. இன்னொண்ணு. இன்னொண்ணு. முகம் வெளுத்துப் போச்சு.

"என்ன அண்ணி?"

"ஆணித் தலைக்கு அடியில பாரு. பச்சை நூலும் மஞ்சள் நூலும் முறுக்கின பிசிறு ஒட்டியிருக்கு."

"டயர்ல இருந்திருக்கும்."

"டயர்ல ஏதுடி பச்சை நூல்? புது ஆணியில இது இருக்காது. துணியோட அடிச்சு, வருஷக்கணக்கா கிடந்து, அப்புறம் பிடுங்கினாத்தான் இப்படி ஒட்டிக்கிட்டு வரும். இந்தத் துணி நகராட்சிக் கூட்ட அறை நாற்காலியில போட்டிருந்தது. துணி மாத்தப் பட்டறைக்கு வந்த முன் வரிசை பன்னெண்டு நாற்காலியையும் பிரிச்சது நான்." ஆணிய என் கையில வெச்சாங்க. "இதைப் பிடுங்கினதே நான்தான்டி."

பிடுங்கின ஆணியெல்லாம் ரெண்டு டப்பா இருந்துச்சாம். "குடுங்கம்மா, எடைக்குப் போட்டுடறேன்"னு வாங்கிட்டுப் போனது முதலாளி. அட கஞ்சப் பிசினாறி! ஊரையே விழவைக்கறதுக்குக்கூட புது ஆணி வாங்க மனசு வரல பாருங்க அந்த ஆளுக்கு!

"வாங்க, இப்பவே போய் சட்டையைப் பிடிப்போம்"னு நான் செருப்பை மாட்டிட்டேன்.

"பிடிச்சா, இல்லைன்னு சொல்லிட்டுப் போயிடுவான். பொறு. எல்லார் முன்னாடியும் கேக்கறேன்."

"வேலை போயிடுமே அண்ணி?"

"போகட்டும். என் கையால எடுத்த ஆணிடி இது. அந்த நர்ஸ் பொண்ணு முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

கூட்டத்தன்னைக்கு அறை நிரம்பி வழிஞ்சுது. முன் வரிசையில புதுத்துணி போட்ட நாற்காலிகள்ல அதிகாரிங்க. பின்னாடி நாங்க. முதலாளி எழுந்து, சைக்கிள்காரங்க உயிர் மேல தனக்கு இருக்கற கவலையைப் பத்திக் கால் மணி நேரம் உருகிட்டு உக்காந்தாரு. அப்புறம் அண்ணியக் கூப்பிட்டாங்க. காலைத் தாங்கித் தாங்கிப் போய் நின்னாங்க.

"பின்னாடி உக்காந்திருக்கறவங்க எல்லாரும் கொஞ்சம் எழுந்து, உங்க சீட்டைப் பாருங்க."

எல்லாரும் எழுந்தாங்க. முதலாளியும் எழுந்தாரு. பின் வரிசை நாற்காலிங்களுக்கு இன்னும் துணி மாத்தல. பச்சையும் மஞ்சளும் முறுக்கின அதே பழைய துணி. அண்ணி தட்டுல ஆணியக் கொட்டி, வரிசை வரிசையாக் காட்டச் சொல்லி எங்கிட்ட குடுத்தாங்க. ஆளாளுக்கு ஒண்ணை எடுத்து, தலைக்கு அடியில இருந்த பிசிறை நாற்காலியோட வெச்சு வெச்சுப் பாத்தாங்க. அறையில ஒரே சலசலப்பு.

"முன் வரிசையப் பிரிச்சது நான். ஆணிய டப்பாவுல போட்டது நான். டப்பாவை வாங்கிட்டுப் போனவர் இங்கயே இருக்காரு. அவரே சொல்லட்டும்."

முதலாளி முகத்துல ஈயாடல. "அது... குப்பைத்தொட்டி நிரம்பியிருந்துச்சு. பாலத்து ஓரமாக் கொட்டினேன். வேற ஒண்ணுமில்ல."

"ஓரமாக் கொட்டின ஆணி, நாலு மாசமா வாரம் தவறாம வளைவுக்கு நடந்து வந்துச்சாய்யா?"ன்னாங்க அண்ணி.

சிரிப்புல கூரையே பிச்சுக்கிச்சு. அந்த நர்ஸ் பொண்ணு, கட்டுப் போட்ட கையோட எழுந்து, அவரையே பாத்துட்டு நின்னுச்சு. அப்போ சிரிப்பு நின்னு போச்சு. முதலாளி தலையைக் குனிஞ்சவர் நிமிரவே இல்ல. அதிகாரிங்க போன் போட்டு வரவழைச்ச போலீஸ்காரங்க வாசல்ல அவருக்காக நின்னாங்க. எங்களுக்குப் பாடம் எடுத்த அதே ஆளும் அதுல இருந்தாரு, என்னைப் பாத்ததும் தொப்பியைச் சரி பண்ணிக்கிட்டாரு. தடம் நிரந்தரம்னு அங்கயே தீர்மானம் போட்டாங்க. நான் விசிலடிச்சேன், ஆமா, அடிச்சேன்.

பட்டறை வேலைய அண்ணியே விட்டுட்டாங்க. "வீட்டுலயே வெச்சு செய்யுங்களேன், மாடி காலியாத்தானே கிடக்கு"ன்னேன். முறைச்சாங்க.

"வீட்டுக்குள்ளயே கிடக்கறதுக்கா இவ்வளவு சண்டை போட்டேன்?"

பாலத்துக்கு அந்தப் பக்கம், அதே கடைத்தெருவுல ஒரு சின்ன அறையை வாடகைக்குப் பிடிச்சாங்க. முதல் நாள் காலையில பூட்டைத் திறக்க நான் முன்னாடியே போய், சரிவு முடியற இடத்துல காத்துட்டிருந்தேன். நாலு மாசமாத் தரையைப் பாத்துப் பாத்து, பிரேக்கைப் பிடிச்சுப் பிடிச்சு இறங்கின வளைவு அது. மேலே அண்ணி தலை தெரிஞ்சுது. பின்னாடி ஒரு கார் ஹார்ன் அடிச்சுது, திரும்பிக்கூடப் பாக்கல. "பாத்து அண்ணி, மெதுவா!"ன்னு கத்தினேன். பிரேக்கே பிடிக்காம சரிவு முழுக்க இறங்கி, என்னையும் தாண்டி, புதுக்கடையையும் தாண்டி, தெருக் கோடி வரைக்கும் போயிட்டாங்க!