அத்தான் வாக்குக் கொடுத்த கேசட்

ராஜபாளையத்திலிருந்து அக்கா ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தது என்னைப் பார்க்க அல்ல, என் கம்ப்யூட்டரைப் பார்க்க. தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் தெருவிலேயே அது ஒன்றுதான். அதில் நான் சீட்டு மட்டுமே ஆடுகிறேன் என்பது யாருக்கும் தெரியாததால் கொஞ்சம் மரியாதையும் இருந்தது.

"ஏலே, இதக் கம்ப்யூட்டர்ல ஏத்திரு. நாடா அறுந்துபோச்சுன்னா, இவுக சொல்லவே இல்லன்னு சாதிச்சிருவாக" என்று ஒரு கேசட்டை நீட்டினாள். 'இவுக' என்பது பின்னாலேயே வந்து நின்ற அத்தான்.

எண்பதுகளில் அத்தான் பட்டாளத்தில் வடக்கே இருந்தார். அக்கா எங்கள் வீட்டில் இருந்தாள். கடிதத்துக்குப் பதிலாக ஒரே கேசட் தபாலில் போய்வந்தது. ஒரு பக்கம் அவர் பேச்சு, மறுபக்கம் அவள் பதில். ஒவ்வொரு முறையும் பழையதன் மேலேயே புதியது. ஆகவே கடைசியாகப் பேசியது மட்டுமே மிஞ்சியது. அதில், ஓய்வுபெற்றதும் ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு கட்டுவதாக அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார் என்பது அக்காவின் கட்சி. இப்போது ஓய்வுபெற்று வந்த அத்தானோ தன் ஊரான ராஜபாளையத்தில் மனை பார்த்துவிட்டார். மறுவாரம் பத்திரப்பதிவு.

டேப் ரெக்கார்டரின் ஒயரைக் கம்ப்யூட்டரின் பின்னால் உள்ள துளையில் செருகினால் போதும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். மூன்று கம்ப்யூட்டர் புத்தகங்கள் படித்திருந்த எனக்கு அந்தத் துளை காற்றோட்டத்துக்கு என்றே பட்டது. மைக்கை டேப் ரெக்கார்டர் முன்னால் வைத்தேன். சத்தம் விழுமே என்று ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, யாரும் வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவிட்டேன். அத்தான் விறைப்பாக உட்கார்ந்தார். மூவருக்கும் வியர்த்துக் கொட்டியது.

கேசட்டில் இளம் அத்தான் குளிரைப் பற்றிச் சொன்னார், சப்பாத்தியைத் திட்டினார். பிறகு, "ரிட்டையர் ஆனதும் ஒங்க ஊர்லயே வீடு கட்டுவோம்" என்றார்.

"கேட்டீகளா!" என்று அக்கா துள்ளினாள்.

"மைக்கு, மைக்கு" என்று நான் கிசுகிசுத்தேன். அதுவும் பதிவாயிற்று.

"மாப்ள, மறுபக்கத்தையும் போடுங்க" என்றார் அத்தான், அசையாமல்.

போட்டேன். ஒரு புதுப்பெண்ணின் குரல்: "அதெல்லாம் வேண்டாம். ஒங்க அம்மா தனியா இருக்காகல்லா? ராஜபாளையத்துலயே கட்டுவோம்."

"இது யாரு?" என்றாள் அக்கா.

"ம், பக்கத்து வீட்டுக்காரி" என்றார் அத்தான்.

"அத்தைதான் இப்பக் கொழுந்தன் வீட்டோட போயிட்டாகளே! பொறவு எதுக்கு ராஜபாளையம்?"

"செத்த நேரம் பேசாம இரு" என்ற அத்தான், கேசட்டைத் தாமே திருப்பிப் போட்டு, தம் பேச்சை மறுபடி முழுசாகக் கேட்டார். சப்பாத்தி உட்பட.

"அவ சொன்னதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு மாப்ள, அது போயிருச்சு. நான் காரணமே இல்லாமச் சொல்லியிருக்கேன். தப்பிக்க வழியில்ல."

பத்திரப்பதிவு நின்றது. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி எழும்பியது. ஒரு தம்பியின் நிம்மதியைப் பற்றி அந்தக் கேசட்டின் இரண்டு பக்கத்திலும் ஒரு வார்த்தை இல்லை.