பதினைந்தாவது தட்டில் ஒரு செட்

ஆங்கில அகராதியில் ‘செட்’ என்ற குட்டிச் சொல்லுக்குப் பக்கம் பக்கமாக அர்த்தம் போட்டிருக்கிறார்கள். படிக்கப் படிக்க எனக்குக் கொட்டாவிதான் வந்தது. அகராதி எழுதியவர் ஒரு நாள் புதுச்சேரிக்கு வந்திருந்தால் இன்னும் நாலு பக்கம் சேர்த்திருப்பார். இங்கே ஓட்டலில் உட்கார்ந்தால் செட் தோசை. திருவிழா என்றால் மைக் செட். என் மகன் ஊர் சுற்றுவது ஒரு செட்டோடு. பெண் பார்த்துவிட்டு வந்தால் “செட் ஆயிடுச்சா?” என்று தெருவே கேட்கும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களிடம் கேட்டால் ‘செத்’ என்றால் ஏழு என்பார்கள்.

எனக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். பல் செட்.

மொத்தமே முன்பல் இரண்டு. கடலை மிட்டாயோடு நடந்த சண்டையில் போனவை. இரண்டு பல்லுக்கும் ஏன் செட் என்று பேர் என்று பல் டாக்டரைக் கேட்டேன். “வாயைத் திறங்க” என்று மட்டும் சொன்னார்.

மகனுக்கு நெல்லித்தோப்பில் பெண் பார்க்கப் போனபோது, பெண்ணின் அம்மா என் சிரிப்பைப் பார்த்து, “அண்ணனுக்கு இந்த வயசுலயும் பல்லு எப்படி வரிசையா இருக்குது பாரு!” என்றார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். அல்லது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நானோ, “எல்லாம் வேப்பங்குச்சிதாம்மா. பிரஷ்ஷே தொட்டதில்ல” என்றேன். அந்த வீட்டுப் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, வேப்பங்குச்சியின் மகிமையைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். என் மனைவி தன் காபி டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிச்சயதார்த்தத்தன்று காலை, சாரம் பகுதியில் எங்கள் வீட்டுக் கூடம் முழுக்க வரிசைத் தட்டுகள். புடவை, பூ, பழம், இனிப்பு என்று எல்லாவற்றுக்கும் கண்ணாடிக் காகிதம் சுற்றியாகிவிட்டது. வாசலில் வேன் ஹாரன் அடிக்கிறது. கடைசியாக எண்ணிப் பார்த்த மனைவி அலறினாள்.

“ஏங்க, பதினாலு இருக்குது! ரெட்டப்படையில எடுத்துக்கினு போனா என்னா பேசுவாங்க? சீக்கிரம் இன்னொரு தட்டு போடுங்க!”

நல்ல காரியத்துக்குத் தட்டு ஒற்றைப்படையில்தான் போகவேண்டும். பதற்றம் வந்தால் என் கை மட்டும் வேலை செய்யும், தலை லீவு போட்டுவிடும். ஒரு காலித் தட்டை எடுத்தேன். கல்கண்டுப் பொட்டலம், இரண்டு ஆப்பிள், ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்தேன். இன்னும் வெறிச்சென்று இருந்தது. சாப்பாட்டு மேசை மேல் எங்கள் வெள்ளிச் சிமிழ் பளபளத்தது. தட்டின் நடுவில் அதை வைத்ததும் ஒரு களை வந்துவிட்டது. நானே கண்ணாடிக் காகிதம் சுற்றி, நானே ரிப்பனும் கட்டினேன்.

வேன் நெல்லித்தோப்புக்குள் திரும்பும்போது என் நாக்கு சும்மா முன்பக்கம் போயிற்று. அங்கே சுவர் இல்லை. ஜன்னல்தான் இருந்தது.

இட்லி சாப்பிடும்போது கடிக்கிறதே என்று செட்டைக் கழற்றிய கை எது? அதைச் சிமிழுக்குள் போட்டு மூடிய கை எது? அதே சிமிழுக்கு ரிப்பன் கட்டிய கை எது? மூன்றும் ஒரே கை. அதைப் பார்த்து முறைத்தேன்.

இறங்கியதும் மனைவியின் காதில், “செட்டு... தட்டுல...” என்றேன். காற்றாக வந்தது.

“மைக் செட்டெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க. பேசாம வாங்க” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

தட்டுகளைச் சாமி படத்துக்கு முன் வரிசையாக இறக்கிவிட்டார்கள். கொடுத்த தட்டைத் தொட முடியுமா? எங்கள் வழக்கப்படி நிச்சயப் பத்திரிகையை மாப்பிள்ளையின் அப்பா வாசிக்கவேண்டும். ‘சுபமஸ்து’ என்று தொடங்கும் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மெல்லச் சொல்லிப் பார்த்தேன். குக்கர் விசில் அடிப்பதுபோல் இருந்தது. ஐந்து விசிலுக்குப் பிறகு என்னை இறக்கிவைத்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் பக்கத்து வழக்கம் இன்னும் மோசம். வந்த தட்டுகளில் என்னென்ன இருக்கிறது என்று பெண்ணின் தாய்மாமன் மைக்கில் சபைக்குச் சொல்லவேண்டும். மனிதர் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். முதலில் ‘அன், தெ, த்ருவா’ என்று விரல் நீட்டி எண்ணினார். ‘செத்’ வந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எண்ணி முடித்து, “பதினஞ்சு. ரொம்ப நல்லது” என்றார். பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்தார். பட்டுப்புடவை ஒன்று, சாத்துக்குடி ஒரு தட்டு, மல்லிகைப்பூ ஒரு பந்து. நான் வேண்டாத சாமி இல்லை. கரன்ட் போகட்டும் என்று மின்சாரத்தையும் வேண்டினேன். அன்றைக்கென்று போகவில்லை.

“கடசித் தட்டு. கல்கண்டு, ஆப்பிளு, வாழப்பழம். வெள்ளிச் சிமிழு ஒண்ணு...” காதருகே வைத்து ஆட்டினார். கடகடவென்ற சத்தம் மைக்கில் கூடம் முழுக்கக் கேட்டது. “உள்ள ஏதோ நகை இருக்குது போல!”

திறந்தார். பார்த்தார். பட்டாளத்துக்காரர் அல்லவா, கடமை தவறவில்லை.

“பல்லு. ஒரு செட்டு.”

கூடமே வாய் பிளந்தது, என்னைத் தவிர. நான் மட்டும் இறுக மூடிக்கொண்டிருந்தேன். எல்லார் கண்களும் என் மனைவி பக்கம் திரும்பின. தட்டு அலங்காரம் பெண்கள் வேலைதானே! அவள் முகம் சிவந்து, கண் நிறைந்துவிட்டது. வேப்பங்குச்சியாவது வெங்காயமாவது என்று பள்ளிக்கூடப் பிள்ளைபோல் கையைத் தூக்கினேன்.

“ஃஎன்னுதுங்க.”

முதலில் சிரித்தது பெண்ணின் அம்மா. பிறகு கூரை இடிந்துவிடும்போல் ஒரு சிரிப்பு. என் மகனின் செட் விசிலடித்தது. சிரிக்காத ஒரே ஆள் கல்யாணப் பெண்தான். மாலையும் கழுத்துமாக உள்ளே போய், ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டுவந்தாள்.

“கழுவிட்டுப் போட்டுக்குங்க மாமா. நீங்கதான் வாசிக்கணும்.”

சுவர்ப் பக்கம் திரும்பிப் போட்டுக்கொண்டேன். எழுத்துப் பிசகாமல், கணீரென்று வாசித்தேன். இவ்வளவு கவனமாக யாரும் என் வாயைப் பார்த்ததில்லை.

மாலையில் எங்கள் தட்டுகள் திரும்பி வந்தன. வெறும் தட்டாக அனுப்பக்கூடாது என்று எல்லாவற்றிலும் ஏதாவது வைத்திருந்தார்கள். பதினைந்தாவது தட்டு நிறையக் கைமுறுக்கு, ஒவ்வொன்றும் வளையல் கனம். நடுவில் அதே வெள்ளிச் சிமிழ்.

மனைவி திறந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். உள்ளே, சிமிழின் அளவுக்கு நறுக்கி, நூல் சுற்றி வைத்திருந்தார்கள். பச்சை வேப்பங்குச்சி.