மதுரையில் மின்சார வாள் பார்த்த கதை

திண்டுக்கல்லில் காலை ஆறரை மணிக்கு ரயில் ஏறினேன். மூன்றாம் வகுப்பு, பதின்மூன்றணா. ஒரு வாளைப் பார்க்க நாற்பது மைல் போவானா ஒருவன் என்று வீட்டில் கேட்டார்கள். போவான். மேசை நாற்காலி செய்து பிழைக்கிறவன் நான். மதுரையில் கரண்டில் மரம் அறுக்கும் வாள் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்ட நாள் முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எட்டு மணிக்குமேல் சமயநல்லூர். எதிரே இருந்த வெற்றிலை வியாபாரி, "எம்புட்டு நேரமாக் கையவே பாத்துக்கிட்டு வாரீக, என்னண்ணே?" என்றார். உள்ளங்கைக் காய்ப்பைக் காட்டினேன். "இதுக்கு இனிமே வேல இருக்கான்னு பாக்கத்தான் போறேன்."

மதுரையில் இறங்கி, ஜட்காவுக்கு மூன்றணா கொடுத்து, காசிம் ராவுத்தரின் மரப்பட்டறைக்குப் போனபோது மணி ஒன்பதரை. இரும்பு மேசையின் நடுவே வட்டமான வாள் பாதி தெரிந்தது. ராவுத்தர் விசையைத் தட்டினார். அடேயப்பா! எங்கள் பட்டறையில் மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்று அரை நாள் இழுக்கிற பலகை, ஒரு வெற்றிலை மென்று முடிப்பதற்குள் வந்து விழுந்தது. விடுவேனா? மூன்று முறை அறுக்கச் சொன்னேன். குறையும் இருக்கிறது. கைவாளைப்போல இரண்டு மடங்கு மரத்தைத் தூளாக்குகிறது. கோடு போடும்போதே அதற்கு இடம் விடவேண்டும். அறுத்த முகத்தில் வரிவரியாகக் கீறல். அதைச் சீவ இழைப்புளிதான் கதி.

"கைவாள் இரும்புல பட்டா நின்னுக்கிரும். இது நிக்காதுண்ணே. பல்லு தெறிச்சா என் கண்ணோ கையோ போயிரும்" என்றார் ராவுத்தர்.

பதினொரு மணிக்குப் பேரையூரிலிருந்து ஒரு வண்டி வந்தது. இரவெல்லாம் வந்த களைப்போடு இறங்கியவர் முனியாண்டி, கூலி விவசாயி. காற்றில் சாய்ந்த தன் வீட்டு வேம்பைச் சதுரமாகச் செதுக்கிக் கொண்டுவந்திருந்தார். மகளுக்குக் கல்யாணக் கட்டில் செய்யப் பலகை வேண்டுமாம். மரத்தைப் பார்க்க மாப்பிள்ளையின் அப்பாவும் கூட வந்திருந்தார்.

முதல் பலகை சுத்தமாக வந்தது. இரண்டாவதற்கு ராவுத்தர் மரத்தைத் தள்ளினார். முனியாண்டி கையைப் பிசைந்தபடி மரத்தோடு மரமாக நடந்தார். பாதி தூரம் போனதும், "நிறுத்துங்க பாய்! உள்ள ஆணி இருக்கு!" என்று அலறினார்.

மோட்டார் நின்றது. "யாரு அடிச்ச ஆணி, சம்மந்தி?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

இந்தப் பக்கத்தில் பெண்ணுக்குப் பேய் பிடித்தது என்றால் கோடாங்கி வருவார். உடுக்கை அடித்து, அவள் உச்சிமுடியை மரத்தில் வைத்து ஆணி அறைவார். அப்படி அறைந்த பெண்ணுக்கு வரன் அமைவது லேசில்லை. முனியாண்டியைப் பார்த்து மனசுக்குள் சொன்னேன்: மாடு கட்ட அடித்தது என்று ஒரு பொய் சொல்லித் தொலையேன், மனுஷா!

முனியாண்டி சொல்லவில்லை. "எம் மகளுக்கு அடிச்சதுதான். பன்னெண்டு வயசுல. வெட்டிவிட்ட அடிமரத்தோட போயிருக்கும்னு நெனச்சு வாய மூடிக்கிட்டேன். கல்யாணம் நின்னா நிக்கட்டும். பாய் கை போயிரக் கூடாது."

ராவுத்தர் உளியையும் அதைத் தட்டும் கொட்டாப்புளியையும் எடுத்தார். துரு ஏறிய இடத்தில் மரம் கறுத்திருக்கும்; அந்தக் கறுப்பைத் தேடிக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கினார். நானும் மறுபக்கம் உட்கார்ந்தேன். கால் மணி நேரத்தில் விரல் நீள ஆணி வந்தது. வாள் நின்ற இடத்துக்கும் அதற்கும் நாலு விரல்கூட இல்லை.

மாப்பிள்ளையின் அப்பா ஆணியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முனியாண்டி தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சம்மந்தி, எங்க வீட்டுப் புளியமரத்துல இது மாதிரி மூணு ஆணி இருக்கு. ஒண்ணு எம் பொண்டாட்டிக்கு அடிச்சது. இருவது வருசமா நல்லாத்தான் சோறு பொங்கிப் போடுறா" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. பிறகு ராவுத்தரிடம் திரும்பி, "கட்டில் நல்லா அகலமா வரணும் பாய். ஓட்டுங்க" என்றார்.