பக்கத்து நாற்காலியில் துண்டு

எங்கள் குடும்பத்தில் யாரும் விமானம் ஏறியதில்லை. ஆனால் எங்கே இறங்கி எங்கே ஏறலாம் என்று சொல்வதுதான் திருச்சி டிக்கெட் அலுவலகத்தில் என் வேலை.

முசிறியிலிருந்து ஒரு வாழை விவசாயி வந்தார். உட்கார்ந்ததும், பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோலத் தோள் துண்டைப் பக்கத்து நாற்காலியில் போட்டார். அந்தப் பழக்கம் அவரை எங்கேயும் விடாது போலிருந்தது.

“போறது கோலாலம்பூர் தம்பி. திரும்புறது பினாங்குலேர்ந்து.”

“கோலாலம்பூர்லேயே ஏறுனா நேரா திருச்சிங்கய்யா. பினாங்குன்னா நடுவுல மாறணும்.”

“எம்மவன் வேலைக்குப் போய் எறங்குனது கோலாலம்பூரு. கடைசியா போன் பண்ணது பினாங்கு. மூணு வருசமாச்சு. வழியெல்லாம் தேடிக்கிட்டே போயி அங்கதான் முடிக்கணும். திரும்ப ரெண்டு சீட்டாப் போடுங்க.”



“அவரைப் பார்த்ததும் போட்டுக்கலாங்கய்யா.”

“அதுக்குள்ள சீட்டு போயிருச்சுன்னா? பிளேன்ல துண்டு போட்டா உடுவாங்களா?” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பையைத் தன் நாற்காலியில் வைத்துவிட்டு, பாஸ்போர்ட்டை ஜெராக்ஸ் எடுக்க அவர் வெளியே போனார். அடுத்து வந்தவர் உட்காருவதற்காக அந்தத் துண்டை எடுக்கப் போனார்.

“அங்க ஆள் வராருங்க,” என்றேன்.