இடது கையில் இல்லாத நாடி

என் அம்மா இடது கைப் பழக்கக்காரி. ஆனால் அந்தக் கை எப்போதும் சில்லென்றிருக்கும். ஆட்டுக்கல்லில் குழவியைச் சுற்றினால் சீக்கிரம் சோர்ந்துவிடும். மைசூர்க் குளிர் என்று நாங்களும் விட்டுவிட்டோம். எங்கள் அசட்டுத்தனத்தை என்ன சொல்ல.

ஒரு மத்தியானம் மாவரைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். பக்கத்துத் தெரு வைத்தியர் ஓடி வந்தார். பெண்களுக்கு இடது கையில்தான் நாடி பார்ப்பது வழக்கம். அவரும் இடது மணிக்கட்டைப் பிடித்தார். வெகுநேரம் பிடித்தார். பிறகு கையைக் கீழே வைத்துவிட்டுக் கன்னடத்தில் "ஆயித்து" என்றார். முடிந்துவிட்டதாம்.

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சித்தப்பா மேல்கோட்டைச் சொந்தக்காரர்களுக்கு ஆள் அனுப்பக் கிளம்பினார். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டுவதற்காக அத்தை ஒரு புடவையைக் கிழித்தாள். அந்தச் சத்தம் இன்னும் என்னை விடவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போவதாவது! அம்மாவின் வலது கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

கைக்குள் ஏதோ துடித்தது.

என் நாடிதானோ என்று பிடியைத் தளர்த்தி, மணிக்கட்டில் இரண்டு விரலை மட்டும் வைத்தேன். மெல்ல, நிதானமாகத் துடித்துக்கொண்டே இருந்தது. அதற்குள் அத்தை கால்விரல்களைக் கட்டி முடித்திருந்தாள்.

"உயிர் இருக்கு! அவிழுங்கோ!" என்று கத்தினேன்.

அத்தை என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். அப்போது அம்மா கண்ணைத் திறந்தாள்.

அன்று சாயங்காலமே ஜட்காவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் இரண்டு கையிலும் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். வலது கையில் சரியாக இருந்தது. இடது கையில் அதில் பாதிகூட இல்லை. இடது தோளுக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கிப்போய், அதைத் தாண்டி அழுத்தம் விழுந்துவிடுகிறது என்றார். அந்தக் கைக்கு வேலை கொடுத்தால் தலைக்குப் போகும் ரத்தத்தையும் அது இழுத்துக்கொள்ளும், மயக்கம் அதனால்தானாம். ஸ்டெதாஸ்கோப் குழலை என் காதில் மாட்டி, அம்மாவின் கழுத்தெலும்புக்கு மேல் வைத்தார். வலப்பக்கம் ஏறக்குறைய நிசப்தம். நல்ல குழாயில் ரத்தம் ஓசைப்படாமல்தான் ஓடுமாம். பிறகு இடப்பக்கம் வைத்தார். ஒவ்வொரு துடிப்புக்கும், சாத்திய கதவின் இடுக்கில் காற்று நுழைவதுபோல ஒரு சீறல். குறுகலான இடத்தில் ரத்தம் வேகமெடுத்துச் சுழலும் சத்தம் என்று டாக்டர் விளக்கினார். எனக்கென்னவோ உள்ளே வேறு யாரோ மூச்சுவிடுவதாகவே பட்டது.

திரும்பும்போது ஜட்காவில் அம்மா கேட்டாள்: "எந்தப் புடவையைக் கிழிச்சா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "கேட்டுதா?"

"எல்லாம் கேட்டுது. பேச்சுதான் வரலை."

அன்றிலிருந்து என் பக்கத்தில்தான் படுத்தாள். விளக்கை அணைத்ததும் வலது கையை என்னிடம் நீட்டுவாள்.

"காலம்பற நான் எழுந்திருக்கலைன்னா, முதல்ல இந்தக் கையைப் பாரு. அப்புறம் எல்லாரையும் அழச் சொல்லு."