விரதச் சோறும் முழு மாத்திரையும்

எனக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை நடந்த அன்று, நான் நல்லபடியாக வீடு திரும்பினால் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக முருகனிடம் என் கணவர் வேண்டிக்கொண்டார். நான் பிழைத்து வந்தேன். தைப்பூசம் நெருங்கியதும் விரதத்தை ஆரம்பித்துவிட்டார். ஒரு வேளை சைவச் சாப்பாடு, தரையில் பாய் விரித்துத் தூக்கம். கோப்பி இல்லாமல் பொழுது விடியாத மனுஷன், அதையும் விட்டார்.

அவருக்குச் சர்க்கரை வியாதி. விரதம் இருப்பதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன்.

"அவங்க சீனப் பொம்பள லா. விரதம்னா அவங்களுக்கு என்ன தெரியும்? திட்டத்தான் செய்வாங்க."

பிடித்த பிடியை விடவில்லை. மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டார். அதை விடக் கூடாது என்று அதே டாக்டர்தான் சொல்லியிருந்தாராம். சோறு பாதியாகிவிட்டது, மாத்திரை மட்டும் முழுசு. அப்படிப் போட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும் என்று எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், எங்கள் புக்கிட் பாஞ்சாங் அடுக்குமாடி வீட்டில் பாயில் உட்கார்ந்திருந்தவருக்குத் தொப்பலாக வியர்த்தது. கை நடுங்கியது. டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லி என்மேல் எரிந்து விழுந்தார். டிவி அணைந்துதான் கிடந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, சீனித் தண்ணீர் கரைத்துக்கொண்டு ஓடினேன்.

"விரதத்தக் கெடுக்காத," என்று நாக்குழறச் சொல்லித் தம்ளரைத் தட்டிவிட்டார்.

காலையில் சிராங்கூன் சாலைக் கோயிலில் கொடுத்த பஞ்சாமிர்தம் குளிர்பெட்டியில் இருந்தது. அதை எடுத்துவந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"முருகன் பிரசாதம்! இதையும் வேணாம்னு சொல்வீங்களா?"

சொல்லவில்லை. வாயைத் திறந்தார். வாழைப்பழமும் வெல்லமும் தேனும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயின. ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்தபோது, "இவங்கள எதுக்குக் கூப்பிட்ட?" என்று என்னைக் கேட்கும் அளவுக்குத் தெளிந்திருந்தார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

மறுநாள் டாக்டரிடம் நானே எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். இவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மா திட்டவே இல்லை. "நோன்பு மாதத்துக்கு முன்னால் மலாய்க்காரர்கள் வந்து கேட்பார்கள். அதற்கேற்ப மருந்தை மாற்றிக் கொடுப்பேன். நீங்களும் கேட்டிருக்கலாமே," என்று ஆங்கிலத்தில் சொன்னார். இவ்வளவுதானா என்று இருந்தது. அன்றே மருந்தை மாற்றினார். உடம்பு இப்படிப் படுத்தினால் விரதத்தை உடனே முடித்துவிட வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொன்னார்.

தைப்பூசத்தன்று தலையில் பால்குடத்தோடு அவர் முன்னால் நடந்தார். கைப்பையில் மிட்டாயை வைத்துக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். சன்னதியில் கையெடுத்துக் கும்பிட்டபோது எனக்கு வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. இனி எனக்கு எது வந்தாலும், அதற்காக இந்த மனுஷன் எதையும் நேர்ந்துகொள்ளாமல் பார்த்துக்கொள் முருகா என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.